வேகமில்லாத பைக், உலக சாம்பியன் ஆன ரைடர்கள்: மஹிந்திரா ரேசிங் அணிக்கு என்னதான் நடந்தது?

பிச்சாவரம் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கிள்ளை பக்கத்தில் இருக்கும் படகு குழாமில் இரண்டு வகைப் படகுகள் உண்டு. ஒன்று மோட்டார் படகு, இன்னொன்று துடுப்புப் படகு. அகலமான நீர்ப்பரப்பில் மோட்டார் படகு விர்ரென்று போய்விடும். துடுப்புப் படகுக்காரர் எவ்வளவு தம் கட்டி வலித்தாலும் பின்னால்தான் வர வேண்டும். ஆனால், சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகலான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு போகாது. அங்கே எல்லாம் துடுப்பு போடுபவரின் கையில்தான் இருக்கிறது.

உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓர் இந்திய நிறுவனம் ஏழு சீசன்கள் ஏறக்குறைய அந்தத் துடுப்புப் படகு நிலையில்தான் இருந்தது. அதுதான் மஹிந்திரா ரேசிங். 2011-ல் உள்ளே வந்தது, 2017-ன் முடிவில் வெளியேறியது. ஒரு முறைகூட உலக சாம்பியன் பட்டம் வாங்கவில்லை. நேர்பாதையில் அதன் பைக்கை ஹோண்டாவும் கேடிஎம்-மும் சர்வசாதாரணமாக முந்திச் சென்றன.

ஆனால், அந்த பைக்கில் ஓடிப் பழகிய இளைஞர்களில் இருவர் பின்னாளில் மோட்டோஜிபி உலக சாம்பியன்கள் ஆனார்கள். வேறு மூவர் மோட்டோ3 உலக சாம்பியன்கள் ஆனார்கள். வண்டி தோற்ற இடத்தில் ரைடர்கள் எப்படி ஜெயித்தார்கள்? பைக் வேகமில்லை என்றால் ஓர் அணிக்குள் என்னவெல்லாம் நடக்கும்? அதை ஏன் உடனே சரி செய்ய முடியாது? விரிவாகப் பார்க்கலாம்.

மோட்டோ3 என்றால் என்ன?

உலக கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மூன்று படிகள் உண்டு. மேலே மோட்டோஜிபி, நடுவில் மோட்டோ2, கீழே மோட்டோ3. பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள் உலக அரங்கில் முதலில் கால் வைக்கும் இடம் மோட்டோ3. 2011 வரை இந்த இடத்தில் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வகுப்பு இருந்தது. 2012-ல் அது 250 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கான மோட்டோ3 ஆக மாறியது.

இந்த வகுப்பின் ஸ்பெஷலே நெருக்கம்தான். பத்துப் பதினைந்து பைக்குகள் ஒரே கூட்டமாக, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஓடும். முதலிடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவே சில சமயம் ஓரிரு விநாடிதான் இருக்கும். புள்ளிகள் முதல் 15 பேருக்கு மட்டுமே. 16-வதாக வந்தால் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் பைக் கொஞ்சம் பின்தங்கினாலும் அது பெரிய விஷயமாகிவிடும்.

'வண்டி போகலை' என்றால் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டிராக்கில் ஒரு கிலோமீட்டர் நேர்பாதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் பைக் சராசரியாக மணிக்கு 220 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்கிறது. நம் பைக் மணிக்கு 217 கி.மீ. வேகத்தில் கடக்கிறது. வித்தியாசம் வெறும் 3 கி.மீ.தான். சாலையில் நம் ஸ்பீடோமீட்டர் முள்ளில் இது கண்ணுக்கே தெரியாது.

எதிரணிக்கு ஆகும் நேரம் சுமார் 16.36 விநாடி. நமக்கு 16.59 விநாடி. ஒரு சுற்றுக்குச் சுமார் 0.23 விநாடி இழப்பு. 20 சுற்றுப் பந்தயம் என்றால் மொத்தம் நாலரை விநாடி. முதல் பத்துப் பேர் ஓரிரு விநாடிக்குள் வந்து சேரும் பந்தயத்தில் நாலரை விநாடி என்றால் மொத்தக் கூட்டத்தையும் தவறவிட்டதாக அர்த்தம்.

'ஸ்லிப்ஸ்ட்ரீம்' என்ற சமாச்சாரம் கொஞ்சம் கைகொடுக்கும். முன்னால் போகும் பைக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்றின் தடை குறையும். அதனால் மெதுவான பைக்கும் கூட்டத்தோடு கூட்டமாகத் தொற்றிக்கொள்ளலாம். ஆனால், ஒரே ஒரு வளைவில் பிடியை விட்டு, பத்திருபது மீட்டர் பின்தங்கிவிட்டால் கதை முடிந்தது. வேகமான பைக் வைத்திருப்பவர் மறுபடி எட்டிப் பிடிப்பார். மெதுவான பைக்காரருக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

மஹிந்திரா எப்படி உள்ளே வந்தது?

மஹிந்திரா குழுமம் 2008-ல் கைனடிக் நிறுவனத்தின் இரு சக்கர வாகனத் தொழிலை வாங்கி, ஸ்கூட்டர், பைக் சந்தையில் இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் உலக கிராண்ட் பிரீயில் பெயர் கொடுத்தது. அந்தப் போட்டியில் தயாரிப்பாளராக நுழைந்த முதல் இந்திய நிறுவனம் அதுதான்.

பைக் மட்டும் இந்தியாவில் உருவாகவில்லை. ரேஸ் பைக் செய்யும் பட்டறைகளும், கைதேர்ந்த மெக்கானிக்குகளும், உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சிறு நிறுவனங்களும் கூட்டமாக இருக்கும் இடம் வடக்கு இத்தாலி. அங்கே பொலோனியா அருகே இருந்த என்ஜின்ஸ் இன்ஜினியரிங் என்ற நிறுவனம்தான் தொடக்கத்தில் பைக்கை உருவாக்கிக் கொடுத்தது.

2011-ல், 125 சிசி வகுப்பின் கடைசிப் பந்தயம் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்தது. மஹிந்திரா ரைடர் டேனி வெப் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். பந்தயத்தை முதல் வரிசையின் முதல் இடத்திலிருந்து தொடங்கும் 'போல்' நிலை! முதல் ஆண்டிலேயே இப்படியா என்று பலரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்தச் சந்தோஷம் காணாமல் போனது. 2012-ல் எல்லோரும் புது ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்கோடு வந்தார்கள். மஹிந்திராவின் புது பைக் கூட்டத்தின் கடைசியில் கிடந்தது. சீசன் பாதியிலேயே ஒரு ரைடர் அணியை விட்டுப் போனார். பந்தயத்துக்குப் பந்தயம் புள்ளியே இல்லாமல் திரும்புவது வழக்கமானது.

ஏன் உடனே சரி செய்ய முடியாது?

நம் பைக் மக்கர் செய்தால் மெக்கானிக்கிடம் விட்டு மாலையில் எடுத்துக்கொள்வோம். ரேஸ் பைக்குக்கு அப்படி முடியாது. காரணங்கள் நான்கு.

ஒன்று, விதிமுறை. ஒரு சீசனுக்கு இத்தனை இன்ஜின்தான் என்று வரம்பு உண்டு. அந்த இன்ஜின்களுக்கு சீல் வைத்துவிடுவார்கள். 'உள்ளே இதை மாற்றினால் வேகம் கூடும்' என்று பொறியாளருக்கு ஏப்ரலில் தெரிந்தாலும், நினைத்த நேரத்தில் திறந்து கைவைக்க முடியாது. பெரிய தவறு என்றால் அடுத்த சீசன் வரை அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இரண்டு, டேட்டா. பைக்கில் பொருத்திய சென்சார்கள் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் எங்கே பிடித்தார், த்ராட்டில் எவ்வளவு திறந்தார், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்று எல்லாவற்றையும் பதிவு செய்யும். ஒரே மாதிரி பைக்கில் பத்துப் பேர் ஓடினால் பத்து மடங்கு டேட்டா கிடைக்கும். இரண்டு பேர் மட்டும் ஓடினால், கோளாறு பைக்கிலா, ரைடரிடமா, டயரிலா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம்.

மூன்று, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும். இன்ஜின் பவரைக் கூட்டினால் அது டயருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதும் மாறும். ஃபிரேமை இறுக்கமாக்கினால் பிரேக் பிடிக்கும்போது பைக் நிலையாக நிற்கும், ஆனால் சாய்ந்திருக்கும்போது டயர் என்ன சொல்கிறது என்பது ரைடரின் கைக்குத் தெரியாமல் போகலாம். வெறும் பவர் பிரச்சினை என்று நினைத்து ஆரம்பித்தால் கடைசியில் முழு பைக்கையும் மறுபடி வரைய வேண்டி வரும்.

நான்கு, ஆள். தோற்கும் அணிக்கு நல்ல ரைடர் வர மாட்டார். நல்ல ரைடர் இல்லையென்றால் பைக்கின் உண்மையான எல்லை எது என்றே தெரியாது. எல்லை தெரியாவிட்டால் பைக் முன்னேறாது. முன்னேறாத பைக்குக்கு நல்ல ரைடர் வர மாட்டார். அனுபவம் இல்லை என்று வேலை தர மாட்டார்கள், வேலை இல்லாததால் அனுபவமும் வராது என்று ஃப்ரெஷர்கள் புலம்புவார்களே, அதே வட்டம்தான்.

வட்டத்தை உடைத்தது எப்படி?

மஹிந்திரா பழைய பைக்கை ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்கவில்லை. 2013-க்கு சுவிட்சர்லாந்தின் சுட்டர் ரேசிங் டெக்னாலஜி நிறுவனத்தோடு சேர்ந்து பைக்கைப் புதிதாக எடுத்து வந்தது. ரைடர்களும் மாறினார்கள். போர்ச்சுகலின் மிகெல் ஒலிவேரா, ஸ்பெயினின் எஃப்ரென் வாஸ்கெஸ் இருவரும் வந்தார்கள்.

2013 அக்டோபரில் மலேசியாவின் செபாங் டிராக்கில் ஒலிவேரா மூன்றாவதாக வந்தார். கிராண்ட் பிரீ மேடையில் ஓர் இந்திய நிறுவனத்தின் பைக் ஏறியது அதுதான் முதல் முறை. முந்தைய ஆண்டு புள்ளி எடுக்கவே திணறிய அணி அது.

2014-ல் இன்னொரு முக்கியமான முடிவு. தன் பைக்கை மற்ற அணிகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது மஹிந்திரா. டேட்டா பிரச்சினைக்கு இதுதான் மருந்து. அப்படிப் பைக் வாங்கி ஓடிய ஓர் அணியில் தென்னாப்பிரிக்காவின் பிராட் பிண்டர் இருந்தார். ஜெர்மனியின் ஸாக்சன்ரிங்கில் அவர் இரண்டாமிடம் பிடித்தார். நெதர்லாந்தின் அஸ்ஸனில் ஒலிவேரா மூன்றாமிடம் பிடித்தார்.

எந்தெந்த டிராக் என்பதைக் கவனியுங்கள். ஸாக்சன்ரிங்கில் நீண்ட நேர்பாதை கிடையாது. வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. அஸ்ஸனும் வேகமாக இடமும் வலமும் சாய்ந்துகொண்டே போகும் டிராக். இன்ஜின் பவரை விட ரைடரின் கையும் பைக்கின் சமநிலையும் பேசும் இடங்கள் இவை. பிச்சாவரத்துக் கணக்கில் சொன்னால், இவை குறுகலான கால்வாய்கள்.

பெக்கோவும் மார்ட்டினும்

2015-ல் மஹிந்திரா சொந்தமாக அணி நடத்துவதை நிறுத்தியது. இத்தாலியின் பெசோஸோவில் இருந்த தன் தொழில்நுட்ப மையத்தில் பைக்கை உருவாக்குவது மட்டும் தன் வேலை என்று வைத்துக்கொண்டது. அணி நடத்தும் வேலையை ஸ்பெயினின் அஸ்பார் அணியிடம் கொடுத்தது. சின்ன சிசி வகுப்புகளில் நான்கு முறை உலக சாம்பியனான ஹோர்ஹே மார்ட்டினெஸ் நடத்தும் அணி அது. அவருடைய செல்லப் பெயர்தான் அஸ்பார்.

அந்த அணியில் அந்த ஆண்டு இரண்டு புதுமுகங்கள் சேர்ந்தார்கள். ஒருவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ பன்யாயா. எல்லோரும் பெக்கோ என்று கூப்பிடுவார்கள். வயது 18. இன்னொருவர் ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின். வயது 17.

பிரான்ஸின் லெ மான் டிராக்கில் பன்யாயா மூன்றாமிடம் பிடித்தார். அவர் வாழ்க்கையின் முதல் போடியம் அது. 2016 ஜூன் 26, அஸ்ஸன். கடைசிச் சுற்று வரை ஒரு கூட்டமே மோதிக்கொண்ட பந்தயத்தில் பன்யாயா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். அவருக்கும் முதல் வெற்றி, இந்தியத் தயாரிப்பாளர் ஒருவருக்கும் கிராண்ட் பிரீயில் முதல் வெற்றி. அந்த டிராக்கின் வரைபடத்தைப் பன்யாயா தன் கையிலேயே பச்சை குத்திக்கொண்டார்.

ஆகஸ்டில் செக் குடியரசின் பிர்னோவில் மழை. மஹிந்திரா 2015-ல் பிரான்ஸின் பெஜோ மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. அதனால் இதே மஹிந்திரா பைக் பெஜோ என்ற பெயர் ஒட்டியும் ஓடியது. அந்த பெஜோவில் ஸ்காட்லாந்தின் ஜான் மெக்ஃபீ முதலிடம். மஹிந்திராவில் மார்ட்டின் இரண்டாமிடம். பெயர் இரண்டு, பைக் ஒன்றுதான்.

மழை ஏன் இவர்களுக்கு உதவியது? ஈரத்தில் யாராலும் முழு பவரையும் சாலையில் இறக்க முடியாது. 'இன்ஜின் யாருடையது பெரியது' என்ற கேள்வியே அடிபட்டுப் போகும். எவர் பயப்படாமல், பதறாமல் பிரேக் பிடிக்கிறார் என்பதுதான் மிச்சம்.

அக்டோபரில் செபாங்கில் பன்யாயா இன்னொரு முறை ஜெயித்தார். சீசன் முடிவில் உலகத் தரவரிசையில் நான்காமிடம். மார்ட்டினுக்கோ அந்த இரண்டு ஆண்டுகளில் கிடைத்த ஒரே போடியம் பிர்னோ மட்டும்தான்.

ரைடரின் தலைக்குள் என்ன நடக்கும்?

நேர்பாதையில் 0.23 விநாடி போகிறது என்று தெரிந்த ரைடர் அதை எங்கேயாவது திரும்ப எடுக்கப் பார்ப்பார். வேறு எங்கே எடுக்க முடியும்? வளைவுக்குள் நுழையும்போதுதான். மற்றவர்கள் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் தள்ளிப் பிடிப்பார். வளைவுக்குள் இன்னும் கொஞ்சம் வேகத்தோடு போவார். முன் டயர் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது, வழுக்கிவிடும். பைக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அதனால்தான் மெதுவான பைக் வைத்திருப்பவர்கள் அதிகம் விழுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'இந்தப் பையனுக்கு நிதானம் இல்லை' என்பார்கள். டேட்டாவைப் பார்க்கும் பொறியாளருக்கு மட்டும்தான் அவர் எதை ஈடு கட்டப் பார்த்தார் என்று புரியும். 17, 18 வயதில், ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒருவருக்கு இது சாதாரண அழுத்தம் இல்லை. வண்டியின் குறை அவர் பெயரில் எழுதப்படும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. நேர்பாதையில் இன்ஜின் காப்பாற்றாது என்று தெரிந்தவர் வளைவுகளில் வேகத்தை விடாமல் கொண்டுபோகக் கற்றுக்கொள்வார். டயரை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்வார். பைக்கில் எது சரியில்லை என்று பொறியாளருக்குப் புரியும்படி சொல்லக் கற்றுக்கொள்வார். வேகமான பைக் கிடைக்கும் அன்று இதெல்லாம் போனஸ்.

ஒலிவேரா 2014 வரை மஹிந்திராவில் ஓடினார். அதில் ஒரு பந்தயத்திலும் ஜெயிக்கவில்லை. 2015-ல் கேடிஎம்-முக்கு மாறினார். அதே ஆண்டில் ஆறு வெற்றிகள். உலக சாம்பியன் பட்டத்தை ஆறே புள்ளியில் தவறவிட்டார். பிண்டரும் கேடிஎம்-முக்குப் போனார். 2016-ல் மோட்டோ3 உலக சாம்பியன். மார்ட்டின் 2017-ல் ஹோண்டாவுக்குப் போய், 2018-ல் மோட்டோ3 உலக சாம்பியன் ஆனார். பன்யாயா மோட்டோ2-வுக்குப் போய் அதே 2018-ல் அங்கே உலக சாம்பியன் ஆனார். ஒரே கராஜில் மஹிந்திரா சட்டை போட்டிருந்த இரண்டு பேர் ஒரே ஆண்டில் இரண்டு வகுப்புகளின் பட்டத்தைத் தட்டிச் சென்றார்கள்.

2017: கடைசி ஆண்டு

அந்த இருவரும் போன பிறகு வந்த 2017 சீசன் மஹிந்திராவுக்குக் கசப்பாக அமைந்தது. அந்த ஆண்டு மோட்டோ3-ல் 18 பந்தயங்கள். அதில் 17-ஐ ஹோண்டா ரைடர்கள் ஜெயித்தார்கள். கேடிஎம் என்ற மாபெரும் நிறுவனத்துக்கே ஒரே ஒரு வெற்றிதான். அப்படியென்றால் மஹிந்திராவின் நிலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

அஸ்பார் அணியில் அந்த ஆண்டு மஹிந்திரா ஓட்டியவர்கள் இத்தாலியின் லொரென்சோ டல்லா போர்ட்டா, ஸ்பெயினின் அல்பெர்ட் அரேனஸ். இருவரும் முன்வரிசையைத் தொடவே திணறினார்கள். சிஐபி என்ற இன்னோர் அணியில் மார்கோ பெட்செக்கி என்ற இத்தாலியப் பையன் ஓட்டினார். ஜப்பானின் மோட்டேகியில் மறுபடி மழை, மறுபடி ஒரு துடுப்புப் படகு நேரம். பெட்செக்கி மூன்றாமிடம் பிடித்தார்.

சீசன் முடிந்ததும் மஹிந்திரா மோட்டோ3-ஐ விட்டு வெளியேறியது.

ஏன் விலகியது?

மோட்டார் ஸ்போர்ட்ஸை மஹிந்திரா வெறுத்துவிடவில்லை. எலெக்ட்ரிக் கார்களின் ஃபார்முலா ஈ பந்தயத்தில் 2014-ல் நடந்த முதல் சீசனிலிருந்தே அதற்கு ஓர் அணி இருக்கிறது. 2017-க்குப் பிறகு ரேசிங் கவனமும் பணமும் அந்தப் பக்கம் போயின.

கணக்கு புரிந்துகொள்ளக் கூடியதுதான். ரேசிங்கில் பணம் போடும் நிறுவனம் இரண்டைத் திரும்ப எதிர்பார்க்கும். ஒன்று, ரேஸில் கற்ற தொழில்நுட்பம் ஷோரூம் வண்டிக்கு வர வேண்டும். இரண்டு, ரேஸில் ஜெயித்த பெயர் விற்பனைக்கு உதவ வேண்டும். கேடிஎம் ஜெயித்தால் அந்த ஆரஞ்சு நிற பைக்கை அடுத்த வாரமே ஷோரூமில் போய்ப் பார்க்கலாம். மஹிந்திராவின் மோட்டோ3 பைக்குக்கும் இங்கே அது விற்ற கம்யூட்டர் பைக்குகளுக்கும் நடுவே அப்படி ஒரு பாலம் இல்லை. 2015-ல் வந்த மோஜோ கொஞ்சம் நெருங்கி வந்தாலும், அது தூரப் பயணத்துக்கான பைக்.

எலெக்ட்ரிக் வண்டிகள்தான் எதிர்காலம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்த பிறகு, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் அரை குதிரைத் திறனைத் தேடிப் பல கோடி செலவழிப்பதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

பெரிய கம்பெனிக்கு இப்படி ஆகாதா?

ஆகும். அதற்கு உதாரணம் ஹோண்டாவே. 2019-ல் மார்க் மார்க்கெஸ் ஹோண்டாவில் மோட்டோஜிபி உலக சாம்பியன். 2020-ல் அவருக்குக் கை முறிந்தது. அந்த ஆண்டில் ஹோண்டாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. அவர் ஒருவருக்காகவே வளைத்து வளைத்துச் செய்யப்பட்ட பைக், அவர் இல்லாதபோது யாருக்கும் பிடிபடவில்லை. 2023-ல் மோட்டோஜிபி வகுப்பிலேயே அதிக முறை கீழே விழுந்தவர் மார்க்கெஸ்தான். மெதுவான பைக்கை இழுத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே, அதேதான்.

அந்த ஆண்டின் முடிவில் அவர் ஹோண்டாவை விட்டு, முந்தைய ஆண்டின் டுகாட்டி பைக்கை ஓட்டும் கிரெசினி அணிக்குப் போனார். 2024-ல் மூன்று கிராண்ட் பிரீ வெற்றிகள். 2025-ல் டுகாட்டியின் முதன்மை அணியில் மறுபடி உலக சாம்பியன். ஹோண்டா 2024-ல் தயாரிப்பாளர் பட்டியலில் கடைசி இடம்.

இப்படிப் பின்தங்குபவர்களைத் தூக்கிவிட மோட்டோஜிபியில் 2023 இறுதியில் 'கன்செஷன்' விதிகள் மாற்றி அமைக்கப்பட்டன. தயாரிப்பாளர்களை ஏ முதல் டி வரை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். ஏ தரத்தில் இருப்பவருக்குச் சோதனை ஓட்டத்துக்கு 170 டயர், டி தரத்தில் இருப்பவருக்கு 260. டி தரத்தவர் சீசன் நடுவிலும் இன்ஜினை மாற்றி வடிவமைக்கலாம். தன் முதன்மை ரைடர்களை வைத்தே கூடுதலாகச் சோதனை செய்யலாம். டியூஷனுக்குக் கூடுதல் மணி நேரம் கொடுப்பது மாதிரி. 2025 மே மாதம் லெ மானில் ஜோஹன் ஸார்க்கோ ஹோண்டாவை வெற்றிக்கு ஓட்டினார். அன்றும் மழைதான்!

மஹிந்திரா இருந்த காலத்து மோட்டோ3-ல் இப்படி ஒரு கைத்தாங்கல் இல்லை. பின்தங்கியவர் தானாகவே எழுந்து வர வேண்டும்.

நம் பையன்கள் எங்கே?

இந்தக் கதையில் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா, ஸ்காட்லாந்து என்று பல நாட்டு இளைஞர்கள் மஹிந்திரா பைக்கில் வளர்ந்தார்கள். கிராண்ட் பிரீயில் முழு சீசன் அந்த பைக்கை ஓட்டிய இந்திய ரைடர் ஒருவரும் இல்லை.

தோற்கும் அணியால் சலுகை கொடுக்க முடியாது என்பது ஒரு காரணம். பைக்கின் குறையைக் கண்டுபிடிக்கவே அனுபவசாலி ரைடர் தேவை. ஐரோப்பியப் பையன்கள் ஐந்து, ஆறு வயதில் மினி பைக்கில் தொடங்கி, 14 வயதில் சர்வதேச ஜூனியர் பந்தயம் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கே அந்த ஏணியின் நடுப் படிகள் இல்லை.

படிகள் இப்போது போடப்படுகின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது. ஹோண்டாவின் இந்திய டேலண்ட் கப்பில் மோட்டோ3 வகையைச் சேர்ந்த என்எஸ்எஃப்250ஆர் பைக்கைப் பதின்வயதுப் பையன்கள் ஓட்டியிருக்கிறார்கள். ஓசூரைச் சேர்ந்த டிவிஎஸ் நிறுவனம் 'ஒன் மேக்' பந்தயங்களைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. 2022 முதல் ஆசிய அளவிலும் நடத்துகிறது.

'ஒன் மேக்' என்றால் எல்லோருக்கும் ஒரே பைக். யார் ஜெயித்தாலும் அது வண்டியால் இல்லை, ஆளால் என்று உறுதியாகச் சொல்லலாம். வண்டியின் குறை ரைடர் பெயரில் எழுதப்படாது. திறமையைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான தராசு இல்லை.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

2023 செப்டம்பர் 24. இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம், டெல்லி அருகே புத் சர்வதேச டிராக்கில். முதலிடம் பெட்செக்கி. இரண்டாமிடம் மார்ட்டின். நான்காமிடம் பிண்டர். முதல் நால்வரில் மூன்று பேர் பழைய மஹிந்திரா ரைடர்கள். நான்காமவராக பன்யாயாவும் அங்கே இருந்திருக்கலாம். இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். ஆனாலும் 2022, 2023 இரண்டு ஆண்டும் மோட்டோஜிபி உலக சாம்பியன் அவர்தான். 2024-ல் மார்ட்டின். 2017-ல் அந்த மெதுவான பைக்கில் திணறிய டல்லா போர்ட்டா 2019-லும் அரேனஸ் 2020-லும் மோட்டோ3 உலக சாம்பியன்கள்.

அன்று புத் டிராக்கின் முன்வரிசையில் மஹிந்திரா பெயர் எந்த பைக்கிலும் இல்லை. கேலரியில் உட்கார்ந்திருந்த ரசிகர்களில் பலருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அகலமான தண்ணீரில் மோட்டார் படகுகளோடு மோதி அந்த நிறுவனம் தோற்றது உண்மை. குறுகலான கால்வாய்களில் அது துடுப்புப் போடச் சொல்லிக் கொடுத்த கைகள்தான் பின்னால் எல்லோரையும் முந்தின என்பதும் உண்மை.